மலை ஏறிய கிரைண்டர்கள்

மோட்டார் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் எவனும் பிழைத்துக்கொள்வான் என்று எங்கள் கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது, பொய் சொல்லுவானேன். தொண்ணூறுகளின் நடுவில் சத்தியமங்கலத்துக்கு மேலே, மலையில் இருந்த ஓர் இருளர் குடியிருப்பில் வாந்திபேதி புகுந்து வீட்டுக்கு ஒருவரைக் கொண்டுபோனது. அப்போதெல்லாம் எங்கள் சேவைச் சங்கத்தில் ஒருவரும் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தொற்றிக்கொண்டால் யார் பார்ப்பது? நோய் அடங்கியது என்று பேப்பரில் வந்த மறுநாளே எல்லோருக்கும் கருணை பொங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். சங்கத் தலைவரின் மில்லிலிருந்து வரும் மோட்டார்களை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அந்த உரிமையில் என்னைக் கூட்டக் குறிப்பு எழுத உட்காரவைத்தார்கள். மூன்று கூட்டம், மூன்று முறை போண்டா. கடைசியில் வீட்டுக்கு ஒரு கிரைண்டர் கொடுப்பது என்று முடிவானது. மாவு ஆட்டி விற்று முன்னேறுவார்களாம். யாருக்கு விற்பது, யானைக்கா? அங்கே கரண்ட் உண்டா என்று ஒரு வாய் கேட்கவில்லை. நானும் கேட்காமல் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

பயனாளிகள் பட்டியல் எடுக்க என்னைத்தான் முதலில் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ஒரு லைட் கம்பம்கூட இல்லை. வாந்திபேதியில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து உட்காரவைத்தாள். நோய் பரவாமல் இருக்க, யாரும் உள்ளே போகக் கூடாது என்று வனத்துறைக்காரர்கள் காட்டுப் பாதைக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். நோய் போய் ஒரு மாதம் ஆகியும் பூட்டு போகவில்லை. மேலிருந்து உத்தரவு வரவேண்டுமாம். உள்ளே சீமாறு கட்டும் புல் அறுப்புக்கு நின்றது. மழைக்கு முன் அறுத்தால்தான் அவர்களுக்கு அந்த வருஷத்துச் சோறு. மழை விழுந்தால் புல் கறுத்துவிடும். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே கூலிக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்றாள். அவள் அதுவரை மலையை விட்டு இறங்கி வேலைக்குப் போனதே இல்லை.

"அக்கா, கிரைண்டரெல்லாம் வேண்டாங்க. ரேஞ்சர் ஐயாகிட்ட சங்கிலியெ அவுக்கச் சொல்லி ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. நாங்க பொழச்சுக்குவம்."

"சொல்றேன் கண்ணு" என்றேன்.

ஊருக்கு வந்து தலைவரிடம் சொன்னேன். கரண்ட் தானாக வரும் என்றார். சங்கிலி கவர்மென்ட் விஷயம், நாம் தலையிடக் கூடாது என்றார். ரேஞ்சரும் விழாவுக்கு வருகிறார் என்று கேட்டு, சரி, நேரிலேயே பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். விழாவோ சிறப்பு விருந்தினருக்கு நாள் ஒழியாமல் இரண்டு முறை தள்ளிப்போனது. புல் அங்கே காத்துக்கொண்டு நின்றது.

விழா நாளும் ஒருவழியாக வந்தது. கல்யாணத்துக்கு வாடகை விடும் ஜெனரேட்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஊறவைத்த அரிசியும் உளுந்தும்கூடக் கோயமுத்தூரிலிருந்து போயின. சிறப்பு விருந்தினர் சுவிட்சைத் தட்டினார், கிரைண்டர் சுற்றியது, எல்லோரும் கைதட்டினோம். ராகிக் களி தின்கிற ஜனம், மாவு பொங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ரேஞ்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பெண்ணைக் கிரைண்டர் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். படத்துக்கு நிற்கும்போதும் அவள் கண் என்மேல்தான் இருந்தது.

நான் எழுந்து காப்பித் தட்டை வாங்கிக்கொண்டு ரேஞ்சரிடம் போனேன். சங்கிலியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து நாற்காலியிலிருந்து தலைவர் ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் பட்டறை ஞாபகம் வந்தது.

"சக்கரை போதுங்களா?" என்று கேட்டேன்.

போதும் என்றார். திரும்பி வந்துவிட்டேன். பேசிவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் தூரத்திலிருந்து என்னைக் கும்பிட்டாள். ஜெனரேட்டரை மறக்காமல் லாரியில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம்.

அந்தப் பங்குனியில் நல்ல மழை. ஊரே குளிர்ந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

சித்திரையில் சங்கத்தின் ஆண்டறிக்கையில் கையெழுத்து வாங்கத் தலைவரைத் தேடிப் போனேன். அன்னூர்ப் பக்கம் அவருக்கு ஒரு செங்கல் சூளை இருந்தது, அன்றைக்கு அங்கே இருந்தார். 'மலைவாழ் மக்களுக்கு மறுவாழ்வு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே அவள் சிரிக்கும் படம். தலைவர் படத்தைப் பார்த்துப் பூரித்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தால், தலையில் கல் அடுக்கிக்கொண்டு அவள் எதிரே வருகிறாள். குழந்தை சூளை ஓரத்தில் சேலைத் தூளியில் கிடந்தது. தப்பித்துப் போய்விடத்தான் பார்த்தேன். அவள் என்னைக் கண்டுவிட்டாள். கல்லை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு ரேஞ்சர் ஐயாகிட்ட கேட்டீங்களாங்க?"

"கேட்டேன் கண்ணு. ஆகாதுன்னுட்டாரு."

செம்மண் படிந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்டறிக்கை என் கக்கத்தில் இருந்தது.

"போச்சாதுங்க அக்கா, விடுங்க. எங்களுக்காக நீங்க ஒருத்தராச்சும் கேட்டீங்களே."