அண்ணன் வெட்டிவிட்ட தண்ணீர்

நான் பிறந்தது இங்கிலீஷ்காரன் எல்லையில். வாழ்க்கைப்பட்டது பிரெஞ்சுக்காரன் எல்லையில். இரண்டு ஊருக்கும் இடையே அரை நாள் நடைகூட இல்லை. பாகூர்ப் பக்கத்து நிலம் அப்படித்தான். இந்த வரப்பு இவர்களுடையது என்றால் அடுத்த வரப்பு அவர்களுடையது. எந்தக் காலத்திலோ துரைமார்கள் சண்டை போட்டு, பிறகு சமாதானமாகிப் பிரித்துக்கொண்டார்களாம். தென்பெண்ணையிலிருந்து கிளம்பும் வாய்க்கால் என் பிறந்த ஊர் வழியாக வந்துதான் பாகூர் ஏரியில் விழும். ஏரி நிறைந்தால், நான் வாழ்க்கைப்பட்ட செலியமேட்டில் எங்களுக்கு நெல். இல்லையென்றால் ஒன்றுமில்லை.

சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். இரண்டாம் வருஷமாக மழை பொய்த்தது. ஏரிக்குள் மாடு மேய்ந்தது. கிணற்று நீரை நம்பி நட்டோம்; நட்டபின் கிணறும் கைவிட்டது. என் கணவர் வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சாப்பிடக் கூப்பிட்டால் "புள்ளைங்களுக்குப் போடு" என்பார். வேறு பேச்சே இல்லை. பயிர் கருகுவதைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடுவதாகவும், என் பிறந்த ஊர்க்காரர்கள் வாய்க்காலின் குறுக்கே மணலும் கோரையும் போட்டுக் கொறம்பு கட்டித் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டதாகவும் சேதி வந்தது. எங்கள் ஆட்கள் போய்க் கேட்டார்கள். கைகலப்பு ஆகாமல் திரும்பியதே பெரிது. பிரெஞ்சு நகராட்சி ஆபீசான மேரியில் முறையிட்டதற்கு, அது நம் எல்லை இல்லை, புதுச்சேரியிலிருந்து கடலூர் இங்கிலீஷ் கலெக்டருக்கு எழுதித்தான் கேட்க வேண்டும் என்றார்கள். அதுவரை பயிர் நிற்காது.

பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் காலையில் கிளம்பினேன். கொறம்பின் மேல் மண்வெட்டியோடு காவல் இருந்தவர் என் அண்ணன்.

"இன்னாம்மா தனியா வந்துருக்க? வூட்டுக்கு வா, சாப்புடு."

"சோறு வேணாண்ணா. தண்ணி வுடு."

"நெல்லு கேளு, தர்றேன். அத்த மட்டும் கேக்காத. ஊர்க் கட்டு. நான் ஒருத்தன் இன்னா பண்றது?"

"அவரு எழுந்திரிக்காம கெடக்குறாருண்ணா. என் கண்ணு முன்னாடி செத்துக்கினு இருக்காரு."

நான் கொறம்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறியது. என்னோடு சின்ன வயதில் நடவு நட்டவள் ஒருத்தி, "கட்டிக் குடுத்தா அவ அந்த ஊருக்காரிதான். தூக்கி அப்பால வுடுங்க" என்றாள். யாரும் என்னைத் தொடவில்லை. உச்சிப் பொழுதில் ஊர்ப் பெரியவர்கள் கூடியபோது அண்ணன் சொன்னார்: "இன்னிக்கு என் மொறை. என் வயலுக்கு வர்ற தண்ணிய அவளுக்கு வுடுறேன். வேற யாருதையும் கேக்கல."

அடுத்த முறை வருவதற்குள் அவர் பயிர் தாங்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரே கொறம்பை வெட்டிவிட்டார்.

தண்ணீரோடு நானும் நடந்தேன். சருகைத் தள்ளிக்கொண்டு மெல்ல வந்தது. காய்ந்து கிடந்த மணல் வழியெல்லாம் குடித்தது. எங்கள் எல்லைக்குள் நுழைந்தபோது கயிறு போல இளைத்திருந்தது. வீட்டுக்கு ஓடிச் சொன்னேன். என் கணவர் எழுந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, தண்ணீருக்கு முன்னால் சருகை விலக்கிக்கொண்டே போனார்.

ஏரிக்கு எட்டுமுன், பனந்தோப்பருகே, தண்ணீர் நின்றுவிட்டது. அவர் குனிந்து கையால் தோண்டினார். ஈரம் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"எங்கடி போச்சு?" என்றார். நான் மணலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம்.

பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டோம். அவர் புதுச்சேரியில் ஆலை வேலைக்குப் போனார். பொங்கலுக்கு அண்ணன் வரிசை கொண்டுவந்தார்: ஒரு மஞ்சள் கொத்து, கரும்பு. அரிசி இல்லை. அவர் வயலும் காய்ந்ததை அண்ணி சொல்லி அனுப்பியிருந்தாள். என் கணவர், "உக்காருங்க மச்சான்" என்று உள்ளே அழைத்தார். மூவரும் கேழ்வரகுக் கூழ் குடித்தோம்.