மீட்டர் திருப்பிய டிஸ்க்

கம்ப்யூட்டர் திருத்துகிறவனைச் சுகம் விசாரிக்க யாரும் வருவதில்லை; வருகிறவர்கள் கையில் வாரண்டி அட்டையோடும் கண்ணில் கோபத்தோடும்தான் வருவார்கள். அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்பதால், நம் ஆட்களிடம் பேசுவதாக நினைத்தே பேசுகிறேன். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் நான் கடை வைத்திருந்தேன்.

கம்பளிக்குள் கம்ப்யூட்டர்

நீர்மின் நிலையம் வைத்து நாட்டுக்கே கரண்ட் அனுப்புகிற நோட்டன் பிரிட்ஜில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அப்படிப் போய் வந்ததில் பரிமளாவின் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திய பெண் அவள். மழைக்குப் பயந்து பெட்டியைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வாரண்டி இருக்கிறது, கொழும்பில் மாற்றித் தருவார்கள் என்று சொல்லியும் அவள் முகம் தெளியவில்லை.

"சுருக்கா வருமாண்ணே? கிளாஸ் நின்னுச்சுன்னா அப்பா என்னைய கொழும்புல துணிக்கடை வேலைக்கு அனுப்பிருவாரு. அங்க சொல்லியே வச்சிட்டாரு."

ஸ்டிக்கர்

டிஸ்க் வந்தது. அதன் முதுகில் 'பழுது நீக்கிப் பரிசோதித்தது' என்று இங்கிலீஷில் ஒரு ஸ்டிக்கர். யாரோ பாவித்துத் திருப்பிக் கொடுத்ததைச் சரிசெய்து நம் தலையில் கட்டிவிட்டார்கள்! உடனே கொழும்புக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அங்கே வேலை செய்த நண்பன், எல்லா நாட்டிலும் இதுதான் வழக்கம் என்றான். வாரண்டியில் மாற்றித் தருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்குமாம். பழைய டிஸ்கில் மிச்சமிருந்த வாரண்டிக் காலம்தான் இதற்கும் உண்டாம். ஸ்டிக்கரை உரித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. அவனிடமே கேட்டேன்.

"தாராளமா உரி மச்சான். உரிச்சதும் வாரண்டியும் போயிரும்."

எத்தனை கிலோமீட்டர்?

பரிமளாவோடு அவள் அப்பாவும் வந்தார். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் டிரைவர். ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்து, "இது புதுசா, பழசா?" என்றார். நான் தப்பிக்க நினைத்து, ரீகண்டிஷன் வாகனம் மாதிரி என்றேன். ஜப்பானில் ஓடிய வண்டிகளைச் சீராக்கி இறக்கும் நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு உள்ள மரியாதை தெரியுமே! முகம் மலர்ந்து, "ஜப்பான்லேருந்தா வந்துச்சு?" என்று கேட்டார். தாய்லாந்து என்று அச்சிட்டிருந்ததைக் காட்டியதும் மலர்ச்சி வாடியது. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று அடுத்த கேள்வி.

கிலோமீட்டர் இல்லை ஐயா, மணிக்கணக்கு உண்டு என்று சொல்லி, உற்சாகமாக அதைத் திரையில் கொண்டுவந்தேன். பூச்சியம். ஒரு மணித்தியாலம்கூட ஓடவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பழசுன்னு எழுதி ஒட்டியிருக்கான், மீட்டர்ல பூச்சியம் காட்டுதா? மீட்டரைத் திருப்பிட்டானுங்க தம்பி. இதுதான் கடைசி. இன்னொருக்கா நின்னுச்சுன்னா புள்ள கொழும்புக்குத்தான்."

ஏத்தம்

ஏத்தத்தில் லொறியை ஏற்றிப் பார்ப்பதுபோல இதையும் ஓட்டிப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்று டிரைவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெட்டியில் காதை வைத்து இன்ஜின் சத்தம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். பரிமளா தட்டச்சு செய்து காட்டினாள்.

அந்த நேரம் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் வினாத்தாளோடு வந்தார். அட்டவணை போடத் தெரியாமல் அல்லாடிக்கொண்டிருந்த மனிதர். நான் எழுந்திருக்கும் முன்பே பரிமளா நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்து, மவுஸை அவர் கையில் பிடிக்க வைத்து, "பயப்படாதீங்க சார், பிழைச்சா அழிச்சிரலாம்" என்று ஆரம்பித்தாள். வாத்தியார் தானே ஒரு கட்டம் போட்டதும் குழந்தைபோலச் சிரித்தார். "பிள்ளை, எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுப்பீங்களோ?" என்று கேட்டார்.

டிரைவர் பெட்டியிலிருந்து காதை எடுத்து வெகுநேரமாகியிருந்தது, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் போனை இழுத்து, கொழும்புத் துணிக்கடைக்கு எண்ணைச் சுழற்றினார்.

"முதலாளி, புள்ள வரலைங்க. இல்லைங்க, வண்டி பழசுதான். ஓட்றவ கெட்டிக்காரி."

புதுசென்று கொண்டுபோன டிஸ்குகள் எத்தனையோ என் மேசைக்குத் திரும்பி வந்திருக்க, பழசென்று நான் பயந்து கொடுத்த அந்த ஒன்று மட்டும் நோட்டன் பிரிட்ஜ் மலையை விட்டு இறங்கவே இல்லை.