நாற்பது பேர் கேட்ட நாற்காலி

நாங்கள் கலகம் செய்த அன்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே முற்றத்தில் காற்றே அடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாராவது என்னைப் பொய்யன் என்றால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கத்துவேன், பார்க்க நன்றாக இருக்காது.

இன்னொரு கால் தண்டவாளத்துக்கு அடியில் போய்விட்டது. கிள்ளான் பாதையில் தண்டவாளம் மாற்றிக்கொண்டிருந்தோம். பதினாறு பேர் தூக்கியதைப் பதினைந்து பேர் சரியான நேரத்தில் கீழே விட்டு விலகினார்கள். பதினாறாவது ஆள் நான். ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுக்காமல் விட்டார்கள், ஆனால் அது கோணிக்கொண்டது. அதன் பிறகு சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றினேன், மண்வெட்டிகளுக்குப் பிடி போட்டேன். உட்கார்ந்து செய்கிற எந்த வேலையிலும் என்மீது குறை சொல்ல முடியாது. நிற்கத்தான் முடியவில்லை.

சனிக்கிழமை காலைதோறும் நிற்க வேண்டியிருந்தது. எங்கள் கூட்டம் நாற்பது பேர். ஆபீஸ் முற்றத்தில் வரிசையாக நிற்போம். வெள்ளைக்காரத் துரை தொப்பியும் பிரம்புமாக வந்து பேர் கூப்பிடுவார். முதல் பேரிலிருந்து கடைசிப் பேர் வரை விறைப்பாக நிற்க வேண்டும். சாய்ந்தவன், தடுமாறியவன், குந்தியவன் எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு: வேலைக்கு லாயக்கில்லை, கப்பலேறு. ரப்பர் விலை விழுந்து, ஆட்களை மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. லாயக்கில்லாதவனைத் தேடிக் கண்டுபிடிப்பது துரைக்கு ஒரு முக்கிய வேலையாகவே இருந்தது.

எனக்கு ஊருக்குப் போக விருப்பமில்லை. எங்கள் கூட்டத்தில் நான் ஒருவன்தான் சேரியில் பிறந்தவன். ஊரில் பண்ணையார் வாசலில் கைகட்டி நிற்க வேண்டும். நிற்பதற்காகக் கடல் தாண்டிப் போவானேன்? என் மனைவி பாதையோரம் புல் வெட்டும் கூட்டத்தில் இருந்தாள். அப்போதுதான் காலையில் வாந்தி எடுக்கத் தொடங்கியிருந்தாள். பிறக்கப் போகிற பிள்ளை அந்த வாசலைப் பார்க்கக்கூடாது என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம்.

அந்த ஆபீஸில் யார் எதில் உட்காருவது என்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. துரைக்குச் சுழல் நாற்காலி. யாழ்ப்பாணத்துக் கிராணியாருக்கு, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கு, முக்காலி. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளைக் கொண்டுவரும் சீன காண்டிராக்டர் வந்தால் அவருக்கு நாற்காலியும் தேநீரும் வரும். அவருடைய ஆட்கள் வராந்தாவில் குந்திப் புகை பிடிப்பார்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாங்கள் நிற்போம். அதே கட்டையைத் தூக்குகிற சீனருக்கு எங்களைவிடச் சம்பளமும் அதிகம். ஏன் என்று கிராணியாரைக் கேட்டோம்.

“அவங்கள் இறைச்சி சாப்பிடுறவங்கள். உங்களுக்குக் கஞ்சி காணுந்தானே?” என்றார்.

எங்களுக்கும் இறைச்சி பிடிக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை நான் விழப் போனேன். பின்னால் நின்றவன் முதுகில் கைவைத்துத் தாங்கிக்கொண்டான். அன்று மாலையே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டம் போட்டார்கள். எனக்காகத்தான் போட்டார்கள், அதை மறக்கமாட்டேன். எங்கள் வேலையை மேற்பார்க்கும் கங்காணிதான் தலைமை. ஊரில் காணியும் கிணறும் உள்ள குடும்பத்தில் பிறந்து, என்ன காரணத்தாலோ எங்களோடு வந்து சேர்ந்தவர். “இன்னிக்கு இவன் காலு, நாளைக்கு நம்ம காலுலா” என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மனு எழுதத் தீர்மானித்தோம். சீனருக்குச் சமமான சம்பளம், ஒழுகாத கூரை, குழாய்த் தண்ணீர், நோய் வந்தால் விடுப்பு, பேர் கூப்பிடும்போது உட்கார ஏதாவது ஒன்று. தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் நல்ல மனிதர். துரைக்குக் கோபம் வராதபடி எழுதித் தருவதாகச் சொன்னார். சம்பளம் என்றால் கோபம் வரும், எடுத்துவிட்டார். கூரை என்றால் கோபம் வரும், அதையும் எடுத்தார். கடைசியில் வணக்கங்களும் வாழ்த்துகளும் ஒரு நாற்காலியும் மிஞ்சின. அதில் நாற்பது பேரும் கைநாட்டு வைத்தோம்.

மூன்று வாரம் பதில் இல்லை. நான்காவது வாரம் ஒரு நாள் நண்பகலில் கஞ்சிக் கலயங்களை வைத்துவிட்டு ஆபீஸ் முன்னால் கூடினோம். துரை கிள்ளானுக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது கலகம் செய்வதுதான் மரியாதை என்று எங்களில் சிலர் நினைத்தார்கள். முதலில் கோஷம் போட்டோம். ஆளுக்கொரு கோஷமாகப் போட்டதால் எங்களுக்கே புரியவில்லை. பிறகு ஒருவன் தண்டவாளத்துக்கு அடியிலிருந்து ஒரு சல்லிக் கல்லை எடுத்து ஜன்னலில் அடித்தான்.

“டேய்! லைன் கல்லத் தொடாதடா!” என்று கங்காணி பாய்ந்து வந்தார். “நாலு கல்லு எடுத்தா கட்ட ஆடும். ஒரு மணி வண்டி வர்ற நேரம்.”

“வேற கல்லு எங்க இருக்கு கங்காணி?”

தேடினோம். மெய்யாகவே இல்லை. அந்த முற்றத்தில் இருந்த கற்களெல்லாம் நாங்களே கொண்டுவந்து, நாங்களே இடித்து இறுக்கியவை. சிறிது நேரம் ஆலோசனை நடந்தது. எறியலாம், ஆனால் எறிந்த கல்லைத் திரும்ப எடுத்து வைத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அதன்படி எறிந்தோம். நானும் ஒன்று எறிந்தேன், உட்கார்ந்தபடியே. அது சரியாக நடு ஜன்னலில் பட்டது. உள்ளே கிராணியார் மேசைக்கு அடியிலிருந்து, “அது ஆர் எறிஞ்ச கல்? நல்லாய்க் குறி பார்க்கிறான்!” என்று கத்தினார்.

ஒரு மணி வண்டி வந்தது. கலகத்தை நிறுத்தினோம். எல்லாரும் ஒதுங்கி நிற்க, கங்காணி பச்சைக் கொடி காட்டினார். வண்டிக்குள்ளிருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி எங்களைப் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டினாள். எங்களில் பலர் திருப்பிக் கையாட்டினார்கள். வண்டி போன பிறகு மறுபடியும் தொடங்கினோம், ஆனால் முன்பிருந்த சூடு இல்லை.

பிறகு கற்களைப் பொறுக்கிப் பழைய இடத்தில் போட்டு, இடித்து இறுக்கினோம். கண்ணாடித் துண்டுகளை என் மனைவியும் மற்றப் பெண்களும் பெருக்கினார்கள். பெருக்குவது அவர்கள் வேலை, கலகமானால் என்ன? போலீஸ்காரர் வந்தபோது ஜன்னல் மட்டும் உடைந்திருந்தது, கல் ஒன்றுகூட இல்லை. அவர் மேசைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார். கலகம் என்று எழுதினால் அதை ஏன் தடுக்கவில்லை என்று துரை கிராணியாரைக் கேட்பார். ஆகவே கிராணியார் யோசித்து, பலத்த காற்று என்று எழுதினார். துரை கையெழுத்துப் போட்டார்.

எங்களுக்குத் தப்பித்த நிம்மதி ஒரு ராத்திரிதான் இருந்தது. மறுநாள் எல்லாருக்கும் ஆத்திரம். “நம்ம கலகத்தப் போயி காத்துன்னு எழுதிட்டானே!” என்று முதல் கல் எறிந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவதாகக் கிளம்பியவனை நான்கு பேர் இழுத்து வந்தார்கள்.

பத்து நாள் கழித்து நாற்காலி வந்தது. பிரம்பு நாற்காலி, ஒரு கை ஒடிந்தது. மனுவுக்காக வந்ததா, கல்லுக்காக வந்ததா, அல்லது ஆபீஸில் வேண்டாம் என்று தள்ளியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கிராணியார், “உங்களுக்குத்தான், கொண்டு போங்கோ” என்றார், அவ்வளவுதான். நாங்கள் அதைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தோம். கழுவினோம். சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தோம். முதுகில் ஒரு சாமந்தி மாலை. கற்பூரம்கூடக் காட்டினார்கள். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சந்தோஷம் விளக்கு வைக்கும் வரை இருந்தது. முதலில் யார் உட்காருவது என்ற பேச்சு வந்தது. என் கால் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் நான் நாற்காலியில் உட்கார்ந்தால் மற்ற முப்பத்தொன்பது பேரும் என் முன்னால் நிற்க வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தண்டவாளம் தூக்கும்போது தோளோடு தோள் உரசிக்கொண்டவர்கள்தான், அப்போதெல்லாம் எந்தத் தீட்டும் இருந்ததில்லை. இப்போது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

“மொற வச்சுக்கலாம்,” என்றார் கங்காணி, என் முகத்தைப் பார்க்காமல். “வாரத்துக்கு ஒருத்தர். அதான் சமத்துவம்.”

முறை போட்டார்கள். நாற்பதாவது பேர் என்னுடையது.

“பத்து மாசமா?” என்றாள் என் மனைவி. “அதுக்குள்ள எம்புள்ள பொறந்து தானா உக்காந்துரும்யா. ஒனக்குத்தான் எடம் வராது.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்கள் மண்டையை உடைக்கலாம் போலவும் வந்தது. துரைக்காவது என்னைத் தெரியாது. இவர்களுக்கு என் கால் வலிக்கிற நேரம்கூடத் தெரியும்.

சனிக்கிழமை வந்தது. வரிசைக்கு முன்னால் மாலையோடு நாற்காலி. முதல் முறை கங்காணிக்கு. அவரோ துரை வரும்போது உட்கார்ந்திருக்கத் துணிச்சல் இல்லாமல் நாற்காலிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். துரை வந்தார். சந்தனத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றி எங்களுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு அதில் உட்கார்ந்துகொண்டார்.

கங்காணி கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். பாழாய்ப் போன என் கைகளும் தட்டின.

முன்பெல்லாம் துரையும் வெயிலில் நின்றார், அதனால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இப்போது அவருக்கு உட்கார இடம் இருந்தது. கால்மேல் கால் போட்டார். தேநீர் கேட்டார். ஒவ்வொரு பேரையும் ருசித்துக் கூப்பிட்டார். பத்தாவது பேரில் என் பாதம் எரிந்தது. இருபதாவது பேரில் முழங்கால் ஆடியது. புல் வெட்டும் பெண்கள் வரிசையிலிருந்து என் மனைவி கத்தினாள்: “அது எம்புருசன் காலுக்கு வந்த நாக்காலி! எந்திரிக்கச் சொல்லுங்கய்யா!”

துரை என்னவென்று கேட்டார். துரை நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்துவதாகக் கிராணியார் சொன்னார். துரை அவளுக்கும் ஒரு சலாம் வைத்தார்.

நான் விழுந்தேன். விழுந்து, எழ முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். துரை பென்சிலை எடுத்தார். என் பேரைத் தேடினார். கப்பலும் பண்ணையார் வாசலும் என் கண்ணுக்குத் தெரிந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என் மனைவியையும் பார்த்தேன்.

அப்போது கங்காணி உட்கார்ந்தார். புழுதியில், சம்மணம் போட்டு. அடுத்தவன் உட்கார்ந்தான். பிறகு மளமளவென்று முழு வரிசையும். நான் நாற்காலியில் இருக்க என் முன்னால் நிற்க முடியாதவர்கள், தரை என்றவுடன் யோசிக்கவே இல்லை. கல் எறிந்த அன்றுகூட அவர்கள் இவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை.

துரை எழுந்துவிட்டார். நாற்பது பேரையும் லாயக்கில்லை என்று எழுதினால் ஒரு மணி வண்டி எதன்மேல் ஓடும்? பென்சிலைப் பையில் போட்டார். மாலை அவர் பித்தானில் சிக்கிக்கொண்டது, அதோடு உள்ளே போனார். அன்று என்ன நடந்தது என்று கிராணியார் புத்தகத்தில் என்ன எழுதினாரோ, நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பேர் கூப்பிடுவது உட்கார்ந்தபடியேதான் நடந்தது. நான் கப்பலேறவில்லை. என் மகள் பிரிக்பீல்ட்ஸில்தான் பிறந்தாள். கலகம் செய்தால் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு, கிடைக்கும் என்றுதான் சொல்வேன். துரையிடமிருந்து நாங்கள் தரையை வாங்கிவிட்டோம். ஆனால் நான் ஓய்வு பெறும் வரை, ஒவ்வொரு சனிக்கிழமையும், எனக்காக முதலில் உட்கார்ந்த அந்தக் கங்காணி, எனக்கும் தனக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்.