வைரஸ் எழுதிய கவிதை

யார் வீட்டில் பழைய கணினியைக் கண்டாலும் விண்டோஸை எடுத்துவிட்டு அதில் லினக்ஸ் போட எனக்குக் கை பரபரக்கும். கட்டற்ற மென்பொருளைப் பற்றி நான் வாயைத் திறந்தால் தேநீர் ஆறிப்போகும் என்று புனே விமான் நகர் அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். அந்த வீம்போடுதான் போபோடிக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன்.

அத்தான் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சபைப் பத்திரிகைக்குத் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டு, கணினி முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். இப்போது அது நகரவே மறுத்தது. திறந்த இடமெல்லாம் வைரஸ் எச்சரிக்கை.

"ஏல, மககிட்ட வீடியோல பேசணும், போட்டோ பாக்கணும், அவ்ளோதான். அவிய தட்டி வச்சதும் அதுல கெடக்கும். பத்திரமா எடுத்துத் தால," என்றாள் அக்கா.

"ஃபிக்கர் மத் கர் அக்கா, கவலைய விடு. இனிமே வைரஸும் கிடையாது, யாருக்கும் அடிமையும் கிடையாது," என்றேன்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி ஒவ்வொரு கோப்பாகத் திறந்தேன். படங்களெல்லாம் நன்றாக இருந்தன. அத்தானின் கோப்புறை மட்டும் ஒரே குப்பை. வரிக்கு வரி mtSf;F, mtSf;F. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. வைரஸ் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினேன். ஒரு பக்கத்தைப் போனில் படம் பிடித்து, 'வைரஸ் எழுதிய கவிதை' என்று எங்கள் லினக்ஸ் குழுவில் போட்டேன். நிறையப் பேர் சிரித்தார்கள். படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கை மொத்தமாக அழித்து லினக்ஸை நிறுவினேன். "அத்தான் எழுதினது கெட்டுப்போச்சு அக்கா," என்றதற்கு அவள் வெறுமனே தலையாட்டினாள்.

மறுநாள் குழுவில் மதுரைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "இது வைரஸ் இல்லீங்க. யூனிகோடுக்கு முந்தின தமிழ் ஃபாண்ட். அந்த ஃபாண்ட் பழைய விண்டோஸ்ல இருந்திருக்கும், உங்க லினக்ஸ்ல இல்ல, அதான் இப்படித் தெரியுது. கோப்பை அனுப்புங்க, மாத்தித் தர்றேன்." மாற்றும் நிரலும் கட்டற்ற மென்பொருள்தான்.

அனுப்பக் கோப்பே இல்லை, அழித்துவிட்டேன். புனேயில் பிறந்தவன் நான். ஞாயிறு பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படித்ததுதான் என் தமிழ். போனில் தமிழ் வந்தபிறகுதான் தட்டவே பழகினேன். அதற்கு முன்னும் நம்மவர்கள் கணினியில் தமிழ் எழுதினார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றாத அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே வெறுப்பு வருகிறது. அழித்ததை மீட்கும் நிரல்களை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

இப்போதும் லினக்ஸ் போடச் சொல்லித்தான் திரிகிறேன். ஆனால் தமிழில் ஏதாவது தட்டி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.

மிஞ்சியது போனிலிருந்த அந்த ஒரு பக்கம். எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டி மாற்றினேன். mtSf;F என்றால் 'அவளுக்கு'. அச்செடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். செய்ததையெல்லாம் சொல்லிவிட்டு வாசித்தேன்.

'அவளுக்குக் காது மந்தமாகி வருகிறது. அவளுக்கு அதை ஒப்புக்கொள்ள மனமில்லை. கத்திப் பேச எனக்கும் மனம் வரவில்லை. அதனால் சொல்ல நினைப்பதை எல்லாம் இங்கே எழுதுகிறேன், ஒருநாள் படித்துக்கொள்வாள். அவளுக்கு முதலில் சொல்ல வேண்டியது'

படத்தில் அதோடு பக்கம் முடிந்திருந்தது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை என் கையிலிருந்து வாங்கி, தானே மெதுவாகப் படித்தாள். படித்து முடித்ததும் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"அடுத்த பக்கம் எங்கல?" என்றாள்.