சுவர் முழுக்க ஒரே நிலா

இன்று அம்மாவைப் புதுப்பட்டினத்தில் இருக்கும் கவிஞர் நினைவில்லத்துக்கு அழைத்துப் போனேன். எழுபதுகளில் சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் வாழ்த்து மடல் எழுதிக் கொடுத்தவர் அவர். அம்மா அப்பா கல்யாணத்துக்கு அவர் எழுதி, எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்த மடலையும் போன மாதம் அங்கே கொடுத்திருந்தோம்.

அப்பா போன பிறகு அம்மா தினமும் முணுமுணுக்கிற வரி அதில்தான் இருக்கிறது.
"நிலா குளித்தெழும் கடலே, எங்கள் செல்வராசு கைப்பிடிக்கும் கஸ்தூரியைப் பார்."

ஜன்னல் வழியே உப்புக்காற்று வந்தது. சட்டங்களின் கண்ணாடியில் எல்லாம் கடல் அசைந்துகொண்டிருந்தது.

அம்மா எங்கள் மடலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்துச் சட்டத்தைப் படித்தார். பிறகு அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் அதே நிலா, அதே கடல். பெயர்கள் மட்டும் வேறு.

நான் திரும்பிப் பார்த்தேன்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்பவர் நெளிந்தார்.
"ஐயா இன்னாம்மா பண்ணுவாரு? ஒரே முகூர்த்தத்துல நாலு கல்யாணம் வரும். பிரஸ்ல கோத்த எழுத்து அப்பிடியே கீது, பேர மட்டும் மாத்துப்பான்னுடுவாரு."

அம்மா ஒவ்வொரு ஜோடியின் பெயரையும் மெல்ல வாய்விட்டுப் படித்தபடி, தூக்கத்தில் நடப்பவர் போலச் சுவரோரமாகவே நடந்தார்.

பஸ் கல்பாக்கத்தைத் தாண்டியதும் அம்மா சொன்னார்.
"எல்லார் பேரையும் சொல்லிப் பாத்துக்கினே வந்தேன்டி. உங்கப்பா பேருக்குத்தான் அந்த வரி சரியா ஒக்காருது."

உங்கள் வீட்டு மடலிலும் நிலா கடலில் குளிக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள். செல்வராசுவைவிடப் பொருத்தமாக உட்காருகிற பெயர் இருந்தால் மட்டும் இன்பாக்ஸுக்கு வாருங்கள். அம்மா கமெண்டெல்லாம் படிப்பார்.