கலியமூர்த்தி கண்ட இரட்டைப் பனை

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்போது கலியமூர்த்தியின் மகள் போன் செய்தாள். "சார், அப்பா போயிட்டாங்க. படுத்தவங்க எந்திரிக்கல." கோட்டுச்சேரிமேட்டில் அவரோடு கடலுக்குப் போனவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அதை அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

சுனாமி வந்து ஒரு மாதம் இருக்கும். முகாமில் மனு எழுதித் தரும் வேலை, தமிழாசிரியன் என்பதால் என் தலையில் விழுந்தது. எதிரே உட்கார்ந்த கலியமூர்த்தி வாயே திறக்கவில்லை; மகள்தான் பேசினாள். 'திக்பிரமை பிடித்த நிலையில் உள்ளார்' என்று எழுதி, வாசித்தும் காட்டினேன்.

"அப்படின்னா என்னங்க சார்?" அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

வகுப்பெடுக்கிற புத்தி எங்கே போகும்? திக்கு என்றால் திசை, பிரமை என்றால் மயக்கம், வடமொழியிலிருந்து வந்தது, முதலில் திசை தடுமாறுவதைத்தான் குறித்தது, பிறகு அதிர்ச்சியில் உறைந்து நிற்பவர்களுக்கும் சொல்லத் தொடங்கினார்கள் என்று விளக்கினேன்.

"திசை தெரியாம இல்லீங்க. நல்லாத் தெரிஞ்சுது. அதான் தப்பாப் போச்சு."

அன்று காலை அவர் ஆழ்கடலில் இருந்தார். அங்கே அலை தெரியவில்லை. கோயில் கோபுரமும் கரையில் நிற்கும் இரட்டைப் பனையும் ஒரே நேராகத் தெரிந்தால் அதுதான் அவர் ஊர். அன்றும் அப்படிப் பார்த்துத்தான் படகை விட்டார். ஏறியது வேறு ஊர்க் கரை; அவர் பார்த்தது அந்த ஊர்க் கோபுரமும் அந்த ஊர்ப் பனைகளும். அவருடைய பனைகளை அலை கொண்டுபோயிருந்தது. மிதந்த வலைகள் என்ஜினில் சுற்றிக்கொள்ள, படகை அங்கேயே விட்டு நடந்து ஊர் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் மனைவி செல்லம்மாளை மற்றவர்களோடு ஒரே குழியில் வைத்து மூடிவிட்டார்கள். முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

அதன்பின் எங்களுக்குள் சிநேகமாயிற்று. காரைக்கால் பஸ் என்று நினைத்து ஏறி நான் பொறையாரில் போய் இறங்கிய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "ஏறுறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?" சிரிப்பு சட்டென்று நின்றுவிடும்.

ஒரு மாலை கரையில் நின்று கையை நீட்டினார். "அந்தா, ரெட்டப் பனை. தெரியுதா சார்?" வெறும் மணல். மனம் கேட்காமல், "தெரியுதே" என்றேன்.

"பொய் சொல்றீங்க. ஆனா எவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க பாருங்க. அப்படித்தான் நானும் வந்தேன்."

அடக்கம் முடிந்து கரைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பயம்தான். எது நிச்சயமாகத் தெரிகிறதோ, அதைக் கண்டால் பயமாக இருக்கிறது. திரும்பிப் போவது எத்தனையோ முறை நடந்த வழிதான். மீன் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம், "கோட்டுச்சேரிக்கு எந்தப் பக்கம்மா போகணும்?" என்று கேட்டேன்.

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க?"

"தெரியும்மா. அதான் கேக்குறேன்."