சாரத்தை இறுக்கிக் கட்டியவர்

பண்டத்தரிப்பில் எங்கள் கழகத்துக்குக் கால்பந்து கோச்சாக இருந்தவர் நெட்டையான, சற்றுக் கூனிய மனிதர். எதிரணி கோல் போடும்போதெல்லாம் இடுப்பில் உடுத்த சாரத்தை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டுவார். அந்த வருடம் அவர் கட்டிக்கொண்டேயிருந்தார். மருதனார்மடத்துப் பொடியளிடம்கூடத் தோற்றோம்.

நான் பழைய கப்டன். கோச்சின் விசில் அவர் கழுத்தில் தொங்குவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவரை விலக்கவென்றே ஊர்க்கூட்டம் கூட்டுவித்தேன்.

“ஓடத் தெரியாதவங்களையும் ஏன் அண்ணை இறக்குறியள்?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்.

“வெளியிலை இருத்தினால் நாளைக்கு வரமாட்டான் தம்பி. பிறகு அவனை எங்கை போய்த் தேடுறது?”

பொடியள் வீட்டில் சொல்லாமல் துவக்குத் தூக்க இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம்.

“அண்ணையே இருக்கட்டும்” என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. என் மனைவி. மற்றப் பெண்களும் ஓம் என்றார்கள். அவர் சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

அதே அணியில் ஆடிய எங்கள் மகனுக்குப் பந்தை நேராக உதைக்க வராது. நான் கோச்சாகியிருந்தால் அவனை அணியில் சேர்த்திருக்கவே மாட்டேன். அது அவளுக்குத் தெரியும்.